பூக்காத புல்லும் மூக்கில்லாத இருவரும்

வாத்தியாரே,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வியாபாரமாக ஒரு பெண் இந்துப்பு கேட்டாள். சாக்கில் கையை விட்டு அள்ளினேன். கட்டைவிரலில் சுரீரென்று எரிந்தது. உதறிக்கொண்டு பார்த்தால், விரலின் குறுக்கே தலைமுடி மாதிரி ஒரு கோடு. நேற்று உங்கள் புல் அறுத்த கோடு. "என்னாச்சுங்க பாய்?" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணுமில்லம்மா, பழைய சிநேகிதரு ஒருத்தரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதும் வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. துவா செய்வோம், அதோடு சரி. உங்களுக்காக அதையும் செய்துவிட்டேன். ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது. மனுஷன் உயிரோடிருந்தால் போனைப் போட்டுக் கத்தித் தீர்த்திருப்பேன். இப்போது எங்கே போய்க் கத்த? அதனால் கடையில் கூட்டமில்லாத இந்த மத்தியான நேரத்தில், பொட்டலம் மடிக்கிற தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் பழக்கமே சண்டையில்தானே ஆரம்பித்தது. அறிவியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், வெண்ணந்தூரிலிருந்து பஸ் ஏறி மூக்குப்பொடி வாங்க சேலத்துக்கு வந்திருந்தீர்கள். பொடிக்கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. அத்தா காலத்திலிருந்து நடக்கிற நாட்டு மருந்துக் கடை. யாரோ ஒருவர் நாணல் வேர் கேட்டார், நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான். சும்மா நின்றுகொண்டிருந்த நீங்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு மடக்குக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, இது நாணல்னு யாருங்க சொன்னது?"

"எங்களுக்குச் சரக்கு போடுற வியாபாரி."

"அவருக்கு யாருங்க சொன்னது?"

வாங்க வந்தவர் பொட்டலத்தைத் திரும்ப வாங்காமலேயே போய்விட்டார். "யோவ், வயசான மனுசன்னு பாக்கறேன், இங்கிருந்து போயிரு" என்று நான் கத்தினேன். உங்களுக்கும் என் வயதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அசரவே இல்லை. "கோவிச்சுக்காதீங்க பாய். நாணலாவும் இருக்கலாமுங்க, கோரையாவும் இருக்கலாமுங்க. வெறும் வேரு வாயத் தொறக்காது. முழுச் செடியா இருந்தா சொல்லிப்போடலாம்" என்றீர்கள். நான் முதன்முதலில் கேட்ட அந்த 'இருக்கலாமுங்க' இன்றுவரை என்னை விடவில்லை.

அடுத்த வாரமே ஒரு கட்டுத் தண்டோடு வந்து நின்றீர்கள். வியாபார நேரத்தில், என் தராசுக்குப் பக்கத்தில், ஈரத் தண்டுகளைப் பரப்பி, "உருட்டிப் பாருங்க" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் உருட்டினேன். விரலுக்குள் மூலை மூலையாக இடித்தது கோரை. வழவழவென்று உருண்டு, நடுவே கணு தட்டுப்பட்டது புல். கணுவே இல்லாமல் நீளமாகப் போனது சம்பு, அது புல் சாதியே இல்லை என்றீர்கள். அன்றையிலிருந்து, ரோட்டோரம் எந்தத் தண்டு கைக்கு அகப்பட்டாலும் என் விரல் தானாக உருட்டுகிறது. மருமகன் வீட்டுக்குப் போனபோது பூச்சாடியிலிருந்த பிளாஸ்டிக் புல்லை உருட்டி, அங்கே என் மானமே போயிற்று.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் புல் பார்க்க என் ஸ்கூட்டரில் ஏரி ஏரியாகச் சுற்றினோம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஓர் ஏரியில் நீங்கள் குனிந்து குனிந்து பார்த்ததைக் கண்டு, "பிளாட் போடறதுக்கு அளக்குறீங்களா?" என்று ஒரு கூட்டமே சண்டைக்கு வந்துவிட்டது. எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம், தூரத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து நின்ற ஒரு புல்லைப் பார்த்து, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். கிட்டப் போனால் வெறும் நாணல். எனக்கு எரிச்சல். உங்களுக்கோ ஒரே சந்தோஷம். "பாருங்க பாய், எலைக்கு நடுவுல தடியா வெள்ளை நரம்பு. தரைக்கடியில ஓடி ஓடிப் பரவுதுங்க. பூ வெள்ளிப் பட்டாட்டம் இருக்குது. இது நாணலேதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பூவைப் பார்த்துவிட்டால் நீங்கள் 'இருக்கலாம்' போட்டதே இல்லை. 'ஏதான்' போட்டுப் பேசுவீர்கள். அந்த 'ஏதான்' கேட்பதற்காகவே நான் பெட்ரோல் போட்டு அலைந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் பேர் தேடிக்கொண்டிருந்த புல் உங்கள் ஊர் ஏரியிலேயே இருந்தது. மதகுக்குத் தெற்கே, கரையின் உட்சரிவில், ஒரு லாரி நீளத்துக்குத் திட்டுத் திட்டாக, நெஞ்சுயரம் நின்ற புல். அடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். மடக்கிய விசிறி மாதிரி தட்டையாக இருந்தது. இலை நடுவில் மடிந்து விறைப்பாக நின்றது. நாணல் மாதிரி ஓடிப் பரவவில்லை, இருந்த இடத்திலேயே தூர் கட்டித் தடித்திருந்தது.

"தண்ணி ஏறுனா மாசக்கணக்குல முழுகிக் கெடக்குமுங்க. வத்துனா மறுபடி எந்திரிச்சு நிக்கும். யாரும் நட்டதில்லைன்னு ஊர்ல சொல்றாங்க. இந்த மண்ணுலயே தானாப் பொறந்ததா இருக்கலாமுங்க. சுத்துப்பட்டு ஏரி எதுலயும் இது இல்லை."

"அப்போ வெட்டிவேரு?"

"இருக்கலாமுங்க. அதோட பங்காளியாவும் இருக்கலாம். பூ வரட்டும் பாய். புல்லுக்கு மூஞ்சியே பூதானுங்க. மூஞ்சி பாக்காம பேரு சொல்லக் கூடாது."

பூ எங்கே வருகிறது? தளிர்த்தால் எருமை மேய்ந்தது. தப்பித்துக் காய்ந்தால் யாராவது கொளுத்திவிட்டார்கள். சுற்றிலும் நீங்கள் வைத்த வேலிக்காத்தான் முள்ளை அடுப்பெரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். "ஒரே ஒரு வேரைப் புடுங்கி மோந்து பாத்துட்டா முடிஞ்சுதே வாத்தியாரே!" என்று நான் எத்தனை முறை கெஞ்சினேன். "இருக்கறதே இத்தனூண்டு. அதுல ஒரு தூரைப் புடுங்கோணுங்களா?" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

அல்லா பார்த்து ஒரு மழையில் கரை கொஞ்சம் சரிந்து, ஒரு தூர் வேரோடு வந்து விழுந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்து என் கடைக்கு வந்தீர்கள். நான் வாங்கி மோந்தேன். "சத்தியமா வெட்டிவேரு! நாப்பது வருஷமா விக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று குதித்தேன்.

"கண்ண மூடுங்க பாய்."

மூடினேன். எதையோ மூக்கருகே நீட்டி, "இது?" என்றீர்கள்.

"வெட்டிவேரு."

கண்ணைத் திறந்தால் அதிமதுரம். மறுபடி மூடச் சொன்னீர்கள். "இது?" "இதுதான் வெட்டிவேரு, சத்தியமா!" திறந்தால் நீங்கள் வந்த பஸ் டிக்கெட். அன்று காலையில்தான் வெட்டிவேர் மூட்டை வந்து பிரித்துப் போட்டிருந்தோம். என் கை, என் சட்டை, மேசை, தராசு எல்லாம் அதே வாசம். அதை விடுங்கள், அன்றைக்கு மூட்டை வராமல் இருந்தாலும் அதே கதைதான். இந்தக் கடைக்குள்ளேயே கிடந்து என் மூக்குக்கு எல்லாம் ஒரே வாசமாகிவிட்டது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் விட்டேனா? பெருங்காயக் கட்டியை எடுத்து உங்கள் மூக்கில் ஒட்டாத குறையாக வைத்தேன். "ஒண்ணும் தெரியலீங்களே" என்றீர்கள் பரிதாபமாக. அத்தனை வருஷப் பொடி! கோணிமேல் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வேரை மோந்து கண்டுபிடிக்க வேண்டிய புல்லுக்கு, மூக்கே இல்லாத இரண்டு பேர் காவல்.

"வேற யார்கிட்டயாவது குடுத்து மோக்கச் சொல்லலாம்" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அங்கேதான் உங்கள் பிடிவாதம். "மணம் சாட்சி இல்லீங்க பாய். இன்னைக்கு ஒருத்தரு ஒண்ணு சொல்லுவாரு, நாளைக்கு இன்னொருத்தரு வேறொண்ணு சொல்லுவாரு. பூ மாத்திப் பேசாது" என்று சொல்லி, அந்தத் தூரை என் கடை மொட்டை மாடியில் பாதியாக வெட்டிய எண்ணெய் டிரம்மில் நட்டீர்கள். மேய எருமை இல்லை, கொளுத்த ஆள் இல்லை. இனிப் பூக்காமல் எங்கே போகும் என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு வந்தது ரோதனை. போன் எடுத்தால் சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. "பூத்துதுங்களா?" அதுதான் முதல் வார்த்தை. பெருநாளுக்குக்கூட அப்படித்தான் கூப்பிட்டீர்கள். நான் இல்லை என்பேன். "சேரி, வரட்டும்" என்று வைத்துவிடுவீர்கள்.

புல் தளதளவென்று வளர்ந்தது. டிரம்மே தெரியாத அளவுக்கு வளர்ந்தது. பூ மட்டும் இல்லை. கடைசியாக நீங்கள் பேசியதும் அதேதான். "பூத்துதுங்களா?" "இல்லை." "சேரி, வரட்டும்." அன்று ராத்திரித் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். உங்களை எடுத்த அன்று, அழவும் முடியாமல், எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இந்த மனுஷன் ஒரு பேரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்பதுதான்.

போன வாரம் உங்கள் வீட்டம்மா கூப்பிட்டார்கள். "அண்ணா, நம்ம ஏரியில மிஷினு உட்டுத் தூரு வாராங்களாமுங்க. மதகுப் பக்கமும் வருதாமா. அவரு புல்லு புல்லுன்னு கெடப்பாரே, அதையும் வாரிருவாங்களாட்ட இருக்குதுங்க. எனக்கு அதுமேல ஒரு பாசமும் இல்லை. எம் பேரச் சொல்லிக் கூப்புட்டதவிட அதுக்குப் பேரு தேடுனதுதான் சாஸ்தி. ஆனாலும் மனசு கேக்கலீங்கண்ணா" என்றார்கள். மறுநாள் ஓடினேன். வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் ஒரு சின்ன வயது ஓவர்சியர் அம்மா. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கரையில இருக்கற நாணலு, சம்பு, முள்ளு எல்லாத்தையும் எடுக்கோணும்னுதான் எஸ்டிமேட்டுங்க பாய். வெட்டிவேரா இருந்தா உட்டுரலாம், அது கரையப் புடிச்சு நிக்கும். ஆனா அது வெட்டிவேருன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் உறுதியாச் சொல்லோணுமுங்களே. மிஷினு மதகுக்கு வர்றதுக்குள்ள சொல்லிருங்க" என்றார்.

உறுதியாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்களோ மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. பேரன் போனில் ஏதோ செயலி இருக்கிறது, படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் என்றான். மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கத்திலிருந்து படம் எடுத்தால் எலுமிச்சம்புல் என்றது. குனிந்து எடுத்தால் நாணல் என்றது. வெயில் இறங்கியதும் எடுத்தால் கரும்பு என்றது. அதற்கு உங்கள் 'இருக்கலாம்' எவ்வளவோ தேவலாம். அலைந்து திரிந்து ஒரு தாவரவியல் பேராசிரியரின் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டேன். "பூ இல்லாத போட்டோவை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார். உங்களோடு படித்தவரோ என்று சந்தேகமே வந்துவிட்டது. போனை வைக்கப் போகும்போது பேச்சுவாக்கில் சொன்னார், "ஆனா நம்ம பக்கத்து வெட்டிவேரு நிறைய இடத்துல பூக்கறதே இல்லைங்க. பூத்தாலும் அபூர்வம்."

கேட்டீர்களா வாத்தியாரே? பூக்கிற புல்லாக இருந்தால் அது வெட்டிவேர் இல்லாமல் போகலாம். வெட்டிவேராக இருந்தால் பூக்காமலேயே போகலாம். வராத சாட்சிக்காக நீங்கள் மீதி ஆயுசைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தினீர்கள், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். அது பூக்காததே ஒரு சாட்சியாக இருந்திருக்கலாம் என்பது நம் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லையே! போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்கு ஏறினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிரம்மை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

பிறகு நீங்கள் கூடாது என்றதைச் செய்தேன். டிரம்மில் கையை விட்டு ஒரு வேரைப் பிடுங்கி, கழுவி, என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, "நீங்க தொட்டு எதைக் குடுத்தாலும் எனக்குக் கடை வாசந்தான் வருது. கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் கதைதான்" என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என் கை பட்ட வேரை யாரிடம் நீட்டினாலும் இதே பதில்தான் வரும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மிஷின் மதகுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன், உறுதியாகச் சொல்லிவிடுவது என்று. எத்தனை வருஷ வியாபாரம்! கொல்லிமலைத் தேன் என்று சொல்லியிருக்கிறேன், அசல் குங்குமப்பூ என்று சொல்லியிருக்கிறேன். எதற்காவது நாக்குக் கூசியிருக்கிறதா? சேலம் தாண்டியதிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'வெட்டிவேர்தாங்கம்மா. வெட்டிவேர்தாங்கம்மா.' பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கரையில் ஓவர்சியர் அம்மா நின்றார். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்சட்டியோடு ஓரமாக நின்றார்கள். உங்கள் வீட்டம்மாவும் வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் நேராகப் போய்ப் புல்லின் நடுவில் நின்று, ஒரு கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். விரல் அறுபட்டது அப்போதுதான்.

"சொல்லுங்க பாய். வெட்டிவேர்தானுங்களா? உறுதியாத் தெரியுமுங்களா?"

வாயைத் திறந்தேன்.

"இருக்கலாமுங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சனியன் பிடித்த வார்த்தை! என் நாக்குதான், ஆனால் பேசியது நீங்கள். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் எதிரில் இருந்திருந்தால் உங்கள் பொடி டப்பாவைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பேன்.

"இருக்கலாம்னா என்னங்க அர்த்தம்? ஆமாங்களா, இல்லீங்களா?"

"பூத்தா தெரியுமுங்க."

"எப்பப் பூக்கும்?"

"தெரியாதுங்க."

அந்த அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். "என்னால இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க பாய். தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மிஷினைப் பார்த்துக் கையைக் காட்டினார். என்னை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார்கள். இரும்புக் கை இறங்கியது. ஓரத்திலிருந்த பெரிய திட்டைக் கவ்வித் தூக்கியது. வேர் வந்தது வாத்தியாரே, வந்துகொண்டே இருந்தது. என் உயரத்துக்குக் கற்றை கற்றையாக, செந்நிறமாக, மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்த இழுப்பில் கரையே ஒரு முறை அசைந்த மாதிரி இருந்தது.

மிஷின் ஓட்டுகிற தம்பிதான் முதலில் தலையை நீட்டினான். "மேடம், என்னமோ வாசம் அடிக்குதுங்க!"

மண்சட்டி வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்சினார்கள். "அட ஆமாங்கடி, கோயிலுக்குள்ள போனாப்புல!" "சோப்பு வாசமாட்டம் இருக்குது." "பானைத் தண்ணிக்குப் போடுவமே, அது." ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். ஓவர்சியர் அம்மா தலைத்துண்டை இறக்கி மூச்சை இழுத்தார். அவர் முகம் மாறியது. "நிறுத்து, நிறுத்து! எறக்கு! வெட்டிவேரு! இது வெட்டிவேருடா!" என்று கத்தினார்.

கரை முழுக்க மணக்கிறது என்றார்கள். காற்று மதகுப் பக்கமிருந்து வீசுகிறது, அதனால் ஊருக்குள்ளேயே போகும் என்றார்கள். நான் கீழே இறங்கி, விழுந்து கிடந்த வேரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்து அழுத்தினேன். ஈரம் தெரிந்தது. மண் உதட்டில் ஒட்டியது. வாசம் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்தது, மிஷின் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தது, எனக்கு மட்டும் இல்லை. எத்தனை வருஷம் இதற்காக அலைந்தோம்! வந்து சேர்ந்த நேரத்தில் உங்களுக்கு உயிர் இல்லை, எனக்கு மூக்கு இல்லை.

மீதிப் புல்லை விட்டுவிட்டார்கள். சுற்றிலும் கல் நட்டு, தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. போகும்போது என்னைப் பார்த்து, கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "நீங்க அப்பவே உறுதியாச் சொல்லியிருந்தா அந்த ஒரு திட்டும் போயிருக்காதுங்களே பாய்?" இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? நானும் நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்தத் திட்டு பிழைத்திருக்கும். அந்தத் திட்டு பெயர்ந்ததால்தான் மற்றது பிழைத்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"இப்பவாச்சும் உறுதிதானுங்களே?" என்றும் கேட்டார் அவர்.

"பூ வரட்டுமுங்க" என்றேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

பெயர்த்துப் போட்ட திட்டில் பிழைக்கிற தூரையெல்லாம் பிரித்து, அந்தப் பெண்களே சரிந்த இடத்தில் நட்டார்கள். அறுந்து கிடந்த வேரை உங்கள் வீட்டம்மா சேலை முந்தானையில் அள்ளிக்கொண்டார்கள். "ஊட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணா, வெயிலு" என்றார்கள். போனேன். வேரைக் கழுவிப் பானைத் தண்ணீரில் போட்டார்கள். உங்கள் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது, மேலே துணி மடித்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு அவர்கள் முதலில் ஒரு செம்பு மொண்டு குடித்தார்கள். பாதியில் நிறுத்தி, செம்பை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதார்கள். "இதுக்குத்தானுங்களா அந்த மனுசன் அந்தப் பாடு பட்டாரு" என்றார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாசம் தெரியுதுங்களாண்ணா? அவரு சொன்ன புல்லுதானுங்களே? வெட்டிவேர்தானுங்களே?"

ஏரிக்கரையில் அத்தனை பேர் முன்னால் வராத வார்த்தை, அங்கே ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது வாத்தியாரே.

"நல்லாத் தெரியுதும்மா. வெட்டிவேரேதான்" என்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மாடியில் டிரம் இருக்கிறது, இன்று காலையும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கடையைத் திறந்தேன். பூ வந்து வேறு பெயர் சொன்னால், அன்றைக்கு நானே போய் அவர்களிடம் மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். நேற்று அந்த டம்ளரில் எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.